வாசல் வரை வந்த சேவை: தாம்பரம் வட்டாரத்தில் வீட்டோடு வாழும் மாற்றுத்திறனாளிகளும் இணையமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் என நீளும் சென்னையின் தென்புறநகரில், வீட்டை விட்டு வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளிகளில் பலருக்கு இன்று அரிசியும் மாத்திரையும் கைபேசி வழியாக வருகின்றன. மின்கட்டணம் கட்டுவது, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று அனுப்புவது, மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது ஆகியவையும் அதே வழியில் நடக்கின்றன. இந்த வசதிகளில் பெரும்பாலானவை அவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. வேலைக்குப் போய்த் திரும்பும் நடுத்தர வர்க்கத்துக்காக வணிக நிறுவனங்கள் உருவாக்கியதை வீட்டோடு இருந்தவர்கள் தம் தேவைக்கு வசப்படுத்திக்கொண்டார்கள். அரசு அதற்குப் பின்னால் வந்தது.

இந்த வட்டாரத்தின் அமைப்பே பலரை வீட்டுக்குள் நிறுத்தியது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, குடியிருப்புகள் ரயில் பாதையின் இரு பக்கமும் வளர்ந்தன. காய்கறிச் சந்தையும் கடைத்தெருவும் மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலையில் இருந்தன. 1937இல் இங்கே இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளும் கிழக்கே இருந்தன. நடந்து செல்வோர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக ரயில்வே நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சந்தை அரைக் கிலோமீட்டரில் இருந்தாலும் எட்டாத இடம்தான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அதன் மட்டம் உயர, மழைநீர் வீட்டுக்குள் வராமலிருக்க வீடுகளும் தரையை உயர்த்திக் கட்டின. அதனால் வாசலில் நான்கைந்து படிகள் சேர்ந்தன. பிறகு வந்த அடுக்ககங்களில் தரைத்தளம் வண்டிகளுக்குப் போனது. பல கட்டடங்களில் மேலே மூன்று மாடி இருந்தும் லிஃப்ட் இல்லை. நடக்க முடியாதவருக்கு வெளியுலகம் தன் வாசற்படியிலேயே முடிந்துவிடும் ஊராக இது உருவானது.

நோயாளிகளைப் பேணுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்துச் சிகிச்சைமுறை நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து ஓரிடத்துக்குக் கொண்டுபோவது. மறுவாழ்வு நிறுவனங்களும் அதே வழியில்தான் வந்தன. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் அமைந்தது. 1985இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, பின்னர் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் அறியப்பட்டது. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் வந்தது. இவை செய்த பணி பெரியது. ஆனாலும் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் படுக்கையில் இருப்பவர் முட்டுக்காட்டுக்குப் போக வேண்டுமானால் தூக்க இரண்டு பேரும் ஒரு முழுநாள் வாடகை வண்டியும் வேண்டும்.

இணையத்துக்கு முன்பு வீட்டோடு இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றால், தெருவே அவர்களிடம் வந்தது. காலையில் பால்காரர், பிறகு கீரைக்காரம்மா, தள்ளுவண்டிக் காய்கறி, துணி தேய்ப்பவர், சிலிண்டர் கொண்டுவருபவர் எல்லாரும் குரல் கொடுத்தபடி வாசலுக்கு வந்தார்கள். அண்ணாச்சி கடையில் மாதக் கணக்கு நோட்டு இருந்தது. வீட்டுப் பிள்ளை சீட்டை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், கடைப்பையன் சைக்கிளில் சாமான்களைக் கொண்டுவந்து சமையலறை வரை வைத்துவிட்டுப் போவான். முடிதிருத்துபவரையும் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள முடிந்தது. நிலத்தடி நீர் உப்பாக இருந்த பகுதிகளில் 1990களிலிருந்து கேன் தண்ணீரும் இந்த வரிசையில் சேர்ந்தது. தெருவுக்குத் தன்னைத் தெரியும் என்ற நம்பிக்கைதான் இந்த ஏற்பாட்டின் ஆதாரம். காய்கறிக்காரருக்கு இந்த வீட்டு ஜன்னலில் கூடை கட்டி இறக்குவார்கள் என்பது தெரியும்; சிலிண்டர்காரருக்கு இங்கே அடுப்பிலும் மாட்டிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். பிற்காலச் செயலிகள் எவையும் இந்த அறிமுகத்தைத் தரவில்லை.

பணம் தபால்காரர் கையில் வந்தது. 1962இல் சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1974இல் ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் வந்தது. மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர் கட்டிலருகே வந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுத்தார். ஓய்வூதியம் பின்னர் வங்கிக் கணக்குக்கு மாறியபோது தாமதம் குறைந்தது. ஆனால் வாசலுக்கு வந்துகொண்டிருந்த பணத்தை வாங்க வங்கிக்குப் போக வேண்டியதாயிற்று. வீட்டோடு இருப்பவரின் கோணத்தில் அது ஒரு பின்னடைவு, அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்தன.

அலுவலகங்களுக்கு நேரில் போக வேண்டிய வேலைகள்தான் மிகக் கடினமாக இருந்தன. மின்வாரியக் கணக்கீட்டாளர் வெள்ளை அட்டையில் தொகையை எழுதிவிட்டுப் போவார். குறிப்பிட்ட நாட்களுக்குள் பிரிவு அலுவலக வரிசையில் யாராவது நிற்க வேண்டும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. உதவித்தொகைக்கோ உபகரணத்துக்கோ மாவட்ட அலுவலகம் போக வேண்டும் என்றால் அது காஞ்சிபுரம் வரை நீளும் பயணம். நடக்க முடியாதவர் தன்னால் நடக்க முடியாது என்பதை நிரூபிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது கொடுமைதான்.

தொலைபேசி வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. 1980களின் இறுதியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துகள் பெருகின, அவற்றுக்கு உரிமம் வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. புறநகர் ரயில் நிலைய வாசல்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பலர் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர்கள். ஊர் பேசுவதற்கு வழி செய்துகொடுத்த அந்தத் தலைமுறையின் பிழைப்பைக் கைபேசி பத்தே ஆண்டுகளில் எடுத்துக்கொண்டது. அந்த இழப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. வீட்டுத் தொலைபேசி இருந்தவர்கள் அண்ணாச்சி கடைக்கும் மருந்துக்கடைக்கும் பேசிச் சாமான் வரவழைத்தார்கள். ஆனால் தொலைபேசி, தெளிவாகப் பேசவும் கேட்கவும் முடிந்தவர்களுக்கான கருவி. மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறுபவர்களும் காது கேளாதவர்களும் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பொருள் வாங்கும் முறை உலகில் யாருக்காகத் தொடங்கியது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1979இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் முறையைக் கண்டார். 1984 மே மாதம் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது மூதாட்டி தன் நாற்காலியில் அமர்ந்தபடியே ரிமோட்டை அழுத்தி, டெஸ்கோ கடையில் மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகியவற்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வெளியே போக முடியாத முதியோருக்காக நகராட்சி நடத்திய சமூக நலத் திட்டம் அது. இன்று உலகெங்கும் நடக்கும் இணைய வணிகத்தின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் வீட்டோடு இருந்த மூதாட்டி. பின்னால் வந்த வணிகம் இந்தத் தொடக்கத்தை மறந்துவிட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது; முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. 1998இல் தனியார் நுழைய அனுமதி கிடைத்ததும் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே களத்தில் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி எங்கும் பிரவுசிங் சென்டர்கள் திறந்தன. அவற்றில் பல, வாடகை குறைவு என்பதால், குறுகிய மாடிப்படிக்கு மேலே இருந்தன. வீட்டில் கணினி வாங்க முடியாத மாற்றுத்திறனாளிக்கு இணையம் முதல் பத்தாண்டும் அடுத்தவர் கையால் கிடைத்த ஒன்றுதான். தம்பியோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ போய் விண்ணப்பத்தை அச்செடுத்து வருவார். 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி ரயில் டிக்கெட் தொடங்கியது. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் கட்டணச் சலுகை டிக்கெட்டுக்கு முன்பதிவு மையத்துக்கே போக வேண்டியிருந்தது. 2015இல் ரயில்வே தனி அடையாள அட்டை எண் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சலுகை இணையத்துக்கு வந்தது. எல்லாருக்கும் கிடைத்த வசதி, அது மிகவும் தேவைப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

அதே காலத்தில் சென்னையில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர் அஜித் நாராயணன், வித்யாசாகர் நிறுவனத்தோடு சேர்ந்து, பேச முடியாதவர்கள் படங்களையும் சொற்களையும் தேர்ந்தெடுத்தால் குரலாக ஒலிக்கும் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். பின்னர் அது டேப்லெட் செயலியாகவும் வந்தது. பார்வையற்றோருக்கு 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் பெரிய திருப்பம். திரையில் இருப்பதைக் குரலாகக் கேட்க அதுவரை விலை உயர்ந்த மென்பொருள்கள் தேவைப்பட்டன. தொலைபேசி ஒதுக்கிவைத்தவர்களை எழுத்தும் திரையும் உள்ளே சேர்த்துக்கொண்டன. தட்டச்சு செய்த ஆர்டரில் யாருடைய பேச்சும் குழறுவதில்லை.

மிகப் பெரிய மாற்றம் 2014க்கும் 2017க்கும் இடையே நடந்தது. பெங்களூரில் 2011இல் தொடங்கிய பிக்பாஸ்கெட்டும் 2014இல் தொடங்கிய ஸ்விக்கியும் சென்னைக்கு வந்தன. 1914 முதல் மருந்து வணிகத்தில் இருந்த சென்னைத் தாதா குடும்பத்தின் பிரதீப் தாதா, நெட்மெட்ஸ் மூலம் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினால் மாத்திரை வீட்டுக்கு வரும் முறையைப் பரப்பினார். போர்ட்டியா, இந்தியா ஹோம் ஹெல்த் கேர் போன்ற நிறுவனங்கள் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்பின. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா கட்டணம் சரிந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைச் சேர்த்தது. முதுகுத்தண்டு காயத்தால் விரல்கள் அசையாதவருக்கு இந்தக் கடைசி வசதியின் மதிப்பு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. விலை குறைந்த கைபேசியைப் பார்த்துத் தமிழில் பேசினால் எழுத்தாக மாறியது. அது ஆர்டராகவோ மனுவாகவோ போய்ச் சேர்ந்தது. வீட்டாரிடம் எதற்கெடுத்தாலும் கேட்க வேண்டிய நிலை பலருக்கு முதன்முறையாக விலகியது. சானிட்டரி நாப்கின், சிறுநீர்ப் பை, பெரியவர்களுக்கான டயப்பர் போன்றவற்றைத் தம்பியிடமோ மருமகளிடமோ சொல்லி வாங்கிவரச் சொல்லும் கூச்சம் எவ்வளவு பெரிய பாரம் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தப் புதிய சார்பு எவ்வளவு பலவீனமானது என்பதை 2015 டிசம்பர் காட்டிவிட்டது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தன்னார்வலர்கள் ஒரே இரவில் இணையதளமும் பொதுப் பட்டியல்களும் உருவாக்கி, உதவி தேவைப்படுவோரின் முகவரிகளைத் திரட்டிப் படகுகளுக்கும் உணவுக்கும் வழி செய்தார்கள். நகரமே அன்று இணையத்தால் ஒருங்கிணைந்தது. ஆனால் மின்சாரம் நின்றதும் கைபேசிகள் அணைந்தன, கோபுரங்கள் செயலிழந்தன. உதவி கேட்கும் ஒரே கருவி கைபேசியாக இருந்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் சேர வழியில்லாமல் போனது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் நகர முடியாதவர் இருக்கிறார் என்ற விவரம் மீட்புக்குப் போனவர்கள் கையில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது மொத்த நகரமும் வீட்டோடு இருப்பவர்களின் நிலைக்கு வந்தது. அதன் முதல் விளைவு அவர்களுக்குப் பாதகமாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆர்டர் போட, இணைய மளிகைக் கடைகளில் டெலிவரி நேரம் கிடைக்கவில்லை. வேறு வழியே இல்லாதவரும், கீழே இறங்கிக் கடைக்குப் போகக்கூடியவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். முன்னுரிமை கேட்க அந்தச் செயலிகளில் இடம் இல்லை. அப்போது கைகொடுத்தது அண்ணாச்சி கடைதான். சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், கடைக்காரர் சாமானைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டுப் போனார். பழைய கணக்கு நோட்டும் புதிய கைபேசியும் அந்தச் சில மாதங்களில் சேர்ந்துகொண்டன. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி வீடியோ மருத்துவ ஆலோசனை 2020 ஏப்ரலில் வீடுகளுக்குத் திறக்கப்பட்டது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

அரசுச் சேவைகள் வாசலுக்கு வந்த கதை மெதுவானது. ஓய்வூதியர்களுக்கு இணையவழி உயிர்வாழ் சான்று 2014 நவம்பரில் வந்தது. 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் உத்தரவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையையும் வலி நிவாரண சிகிச்சையையும் படுக்கையருகே கொண்டுபோனது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கும் வசதி தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்றிய அரசின் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எனினும் மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் போக வேண்டும். உலக வங்கி உதவியுடன் மாநில அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ் சோழிங்கநல்லூரில் ‘விழுதுகள்’ சேவை மையம் திறக்கப்பட்டது. சிகிச்சைக் கருவிகளோடு ஊர்களுக்குப் போகும் வண்டிகளும் இந்தத் திட்டத்தில் உண்டு.

ரேஷன்தான் கடைசியாக வந்தது. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் கைரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தபோது, தொழுநோயால் விரல் தேய்ந்தவர்களும் கை மடங்கிப்போனவர்களும் தடுமாறினார்கள். கடைக்கு வர முடியாதவர் வேறொருவரை நியமிக்கப் படிவம் கொடுத்தார்கள். தனியாக வாழ்பவருக்கு அது பயன்படவில்லை. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட ‘தாயுமானவர்’ திட்டம், 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எடைத்தராசும் விற்பனைக் கருவியும் ஏற்றிய வண்டியில் அரிசி, சர்க்கரை, பருப்பு ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுவரச் செய்தது. மாநிலம் முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரும் 1.27 லட்சம் மாற்றுத்திறனாளிகளும் இதற்குத் தகுதி பெற்றார்கள். மணியார்டர் காலத்துக்குப் பிறகு அரசு வாசலுக்குக் கொண்டுவந்த சேவைகளில் முக்கியமானது இது.

தடைகள் இப்போது படிக்கட்டிலிருந்து திரைக்கு மாறியிருக்கின்றன. பெயரிடப்படாத பொத்தான்களைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடிவதில்லை. வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டி மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா, பார்வையற்றவரை வெளியே நிறுத்துகிறது. குறுகிய நேரத்தில் காலாவதியாகும் ஓ.டி.பி., மெதுவாகத் தட்டச்சு செய்பவருக்குப் பயனில்லை. டெலிவரி ஊழியர் கீழே நின்று அழைத்து, ஐந்து நிமிடத்தில் கதவு திறக்காவிட்டால் போய்விடுகிறார். அது அவருடைய குற்றமில்லை, அவருக்கு விதிக்கப்பட்ட நேரக் கணக்கு அப்படி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லாச் சேவை நிறுவனங்களையும் அணுகத்தக்கவையாக்கக் கட்டாயப்படுத்துகிறது. விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் தந்தது. அந்த அவகாசம் முடிந்து நெடுநாளாகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஆர்.மகாதேவனும் இடம்பெற்ற அமர்வு, இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் கண்சிமிட்டிக் காட்டச் சொல்வதற்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளை அது பிறப்பித்தது.

வாங்குபவராக மட்டும் இருந்தவர்கள் கொண்டுபோய்த் தருபவர்களாகவும் மாறத் தொடங்கியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம் 2021இல் ‘நியோபோல்ட்’ என்ற மின்மோட்டார் இணைப்பை வெளியிட்டது. சக்கர நாற்காலியின் முன்பக்கத்தில் அதைப் பொருத்தினால் மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை சாலையில் போகலாம். அதில் அமர்ந்து உணவு டெலிவரி செய்பவர்கள் இன்று சென்னைச் சாலைகளில் இருக்கிறார்கள்.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் உள்ளன. ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ் களப்பணியாளர்கள் கைபேசிச் செயலியோடு வீடு வீடாகச் சென்று மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தார்கள். நகர முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை அவர்களின் சம்மதத்தோடு அந்தப் பதிவுகளிலிருந்து எடுத்து, வார்டு வாரியாகப் பட்டியலிட வேண்டும். அது கைபேசி வேலை செய்யாத நாளிலும் எடுத்துப் பார்க்கும்படி காகிதத்தில் அச்சிடப்பட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் இருக்க வேண்டும்.